பழைய கப்பலில் ஐப்பசி

கோவில்பட்டியில் ஒரு குடும்பம் இருந்தது. இன்னும் இருக்கிறது, அதுதான் தொந்தரவு. நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. பெண்ணைக் கொடுத்து, பெண்ணோடு கொஞ்சம் மரியாதையும் கொடுத்து, அந்த மரியாதையை ஒவ்வொரு விசேஷத்திலும் தலைவாழை இலையில் வைத்துப் பரிமாறுகிறவர்கள் என்பதால் அவர்களைப் பற்றி நான் நல்லபடியாகத்தான் சொல்ல வேண்டும். முயன்று பார்க்கிறேன்.

தீப்பெட்டி ஆபீஸ் வைத்துச் சம்பாதித்தவர்கள். வெளியூர்க்காரர்கள் தொழிற்சாலை என்பதை எங்கள் ஊரில் ஆபீஸ் என்போம். மழை பெய்தால் குச்சி நமுத்துப்போகும், வெயில் அடித்தால் காயும் என்பதைத் தவிர வானத்தோடு வேறு பேச்சுவார்த்தை இல்லாத, கண்மாயில் கால் நனைக்கக்கூட யோசிக்கிற அந்தக் கரிசல்காட்டுக் குடும்பத்துக்கு எப்படியோ கடல்மேல் ஆசை வந்துவிட்டது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, ஆபீசைச் சாத்திவிட்டுச் சென்னைக்குப் போய்க் கப்பலேறி, இலங்கைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். கடலைப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. என்ன தின்றோம் என்பதைத்தான் சொல்வார்கள்.

மாமனார் தனுஷ்கோடி வாயைத் திறந்தால் தீர்ப்பு மட்டுமே சொல்கிறவர். மூத்த மச்சான் தவமணி அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனையை நிறைவேற்றிவிடுகிறவர். அவர் மனைவி இந்திராணி, ஜவுளிக்கடைப் பொம்மை நல்ல சேலை கட்டியிருந்தால் அதையும் முறைத்துப் பார்க்கிறவள். இளைய மச்சான் கனகராஜுக்கு எப்போதும் வாயில் கொழுக்கட்டை. அவன் மனைவி செண்பகத்தைப் பற்றித்தான் இந்தக் கதை. அவர்களுக்குத் தர்ஷனா என்று ஒரு மகள், ஒன்றாம் வகுப்பு போகிறாள். பிறகு என் மனைவி மகேஸ், நான். ஆள் இவ்வளவுதான் என்றாலும் பந்தியில் உட்கார்ந்தால் ஊரே வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

போன ஆயுத பூஜைக்குப் போயிருந்தபோது கப்பலில் கேப்டன் விருந்து ஒன்று நடந்தது. கேப்டனுக்குப் பக்கத்து மேஜையில் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் வியாபாரி ஒருவரைக் குடும்பத்தோடு உட்காரவைத்துவிட்டு, எங்களை அடுப்படிக் கதவோரம் உட்காரவைத்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று கோர்ட்டு வரைக்கும் போன பரம்பரை இது. தவமணி மச்சான் அன்றைக்கு எல்லாப் பதார்த்தத்தையும் மறுபடி மறுபடி வாங்கித் தின்றுவிட்டு, கை கழுவும்போது, இனி இந்தக் கப்பலில் என் கால் படாது என்று அறிவித்தார். அப்புறம் அலைந்து திரிந்து வேறொரு கம்பெனிக் கப்பலைப் பிடித்தார். அந்தக் கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, சொல்லிப் பெருமைப்படுத்த அதில் ஒன்றுமில்லை. அவர்களிடம் கேப்டன் பக்கத்து மேஜையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கப்பல் மே மாதம்தான் போகும். மே மாதத்தில் தீப்பெட்டி ஆபீசை எவனாவது சாத்துவானா, நல்ல வெயில் காலத்தில், குச்சி காய்கிற நேரத்தில்? இவர்கள் சாத்தினார்கள். மரியாதைக்காகப் பிழைப்பைச் சாத்துவது எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களின் பழைய வழக்கம்.

அந்த மே மாதத்தில் செண்பகத்துக்கு வேறொரு வேலை இருந்தது. அவள் அரசுத் தேர்வு எழுதியிருந்தாள். எப்போது படித்தாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. பாஸாகிவிட்டாள். சான்றிதழ்களைச் சரிபார்க்கச் சென்னைக்கு வரச்சொல்லி அழைத்திருந்தார்கள். போனால் வேலை அநேகமாக உறுதி. போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், திரும்பவும் தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அந்தத் தேதி, கப்பல் சென்னையிலிருந்து கிளம்புகிற தேதிக்கு மறுநாளாக இருந்தது.

அவள் கேட்டதென்னவோ ரொம்பச் சின்னதுதான். உங்களோடு சென்னை வரைக்கும் வருகிறேன், நீங்கள் கப்பலேறிக்கொள்ளுங்கள், நான் அந்த வேலையை முடித்துவிட்டு ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாள். தவமணி மச்சான், ஆள் குறைந்தால் கம்பெனிக்காரன் அறையை மாற்றுவான், அறையை மாற்றினால் மேஜையை மாற்றுவான் என்றார். இந்திராணி, நாங்கள் எல்லோரும் போகும்போது நீ மட்டும் தனியாக நின்றால் ஊர் என்ன பேசும் என்றாள். கனகராஜ் கொழுக்கட்டையை இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டான். மருமகள் விஷயத்தில் மாப்பிள்ளை வாய் திறப்பது வழக்கமில்லை என்பதால் நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமனார் தீர்ப்புச் சொன்னார்.

"நாம சம்பளம் கொடுக்கிற வீடு. வாங்குற வீடு இல்ல."

அதோடு முடிந்தது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் எங்கள் வேன் ஏதோ ஓர் அரசாங்கக் கட்டடத்தைக் கடந்தது. வாசலில் பிளாஸ்டிக் உறைகளில் காகிதங்களை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. செண்பகம் கழுத்தைத் திருப்பி அந்தக் கூட்டம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரில் ஒரு மாடு படுத்திருந்ததற்கு நின்ற வேன் அதற்கு நிற்கவில்லை.

புதிய கப்பலில் ஏறியதும் முதல் காரியமாக எங்கள் புளியோதரைத் தூக்கையும் சேவு டப்பாவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெளிச் சாப்பாடு கூடாதாம். உள்ளே கொடுத்த இட்லியால் ஆணி அடிக்கலாம். கடல் தெரியும் அறை என்று கொடுத்த அறையில் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆரஞ்சு நிறப் படகு தொங்கியது. கடல் வேண்டுமென்றால் அதற்கு அடியில் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியது. கேப்டனுக்குப் பக்கத்து மேஜை சொன்னபடி கிடைத்தது, கேப்டன்தான் வரவில்லை. அவருக்கு வயிறு சரியில்லை, அறையிலேயே தயிர்சாதம் சாப்பிடுகிறார் என்றார்கள். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் முதல் மரியாதையோடு உட்கார்ந்து தவமணி மச்சான் அந்த இட்லியைத் தின்றார்.

அப்போதுதான் ஆரம்பித்தார்கள். பழைய கப்பலில் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும் என்றாள் இந்திராணி. பழைய கப்பலில் காப்பி கள்ளிச்சொட்டு என்றார் மச்சான். பழைய கப்பலில் துண்டைக்கூட அன்னம் மாதிரி மடித்து வைத்திருப்பான் என்றாள் என் மனைவி, அந்த அன்னத்தை அவள் போன வருஷம் பெட்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். பழைய கப்பலில் ஆட்டமே தெரியாது, பழைய கப்பலில் உப்புக்காற்றே அடிக்காது, பழைய கப்பலில் சூரியன்கூட இப்படிக் கண்ணைக் குத்தாது என்று, சாப்பாட்டு மேஜையிலும் படிக்கட்டிலும் நீச்சல் குளத்திலும் படுக்கையிலும், கோயிலில் போற்றி சொல்வதைப் போல மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு மனதாரக் கூப்பிட்டால் சாமியே வந்துவிடும். மறுநாள் காலையில், சென்னையில் செண்பகத்தின் பெயரைக் கூப்பிட்டிருக்கக்கூடிய நேரத்துக்கு, பழைய கப்பல் வந்து நின்றது.

எங்களுக்கு வலப்பக்கமாக, கை கழுவிய தண்ணீரை வீசினால் போய் விழுகிற தூரத்தில், எங்கள் வேகத்துக்கே அதுவும் வந்துகொண்டிருந்தது. எங்கள் தலைமேல் கத்தரி வெயில் காய்ந்தது. அதன்மேல் சன்னமாக மழை தூறியது. அதன் கம்பிகளில் மாவிலை கட்டியிருந்தார்கள், புகைபோக்கிக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள், தொங்கும் படகுகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அங்கே ஆயுத பூஜை என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இங்கே சித்திரை, அங்கே ஐப்பசி. அப்படியா என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் டிபன் சாப்பிடப் போனார்கள், ஏனென்றால் டிபன் ஒன்பதரைக்கு முடிந்துவிடும்.

நம் ஜனங்களை எந்த அதிசயத்தாலும் அசைக்க முடியாது என்பதை அந்தக் கப்பலில்தான் கண்டேன். முதலில் ஒரு அம்மாள் சூடம் ஏற்றிக் காட்டினாள், கம்பெனிக்காரன் ஓடிவந்து நெருப்பு கூடாது என்று அணைத்தான், பக்தி அதோடு சரி. மத்தியானத்துக்குள் கரூர்க்காரர்கள் சிலர் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அந்த மழையிலேயே தட்டைக் கழுவிக்கொண்டார்கள். புழுக்கத்துக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டால் சாரல் அடிக்கிறது என்று தெரிந்ததும், துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற வேலை தொடங்கியது. எல்லோரும் வலப்பக்கமே குவிந்ததால் கப்பல் லேசாகச் சாய, மாடிக்கு மாடி முறை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில், வலப்புறம் தெரிவது நமது கப்பல் அல்ல, அங்கே காணப்படும் வசதிகளுக்கு நமது கம்பெனி பொறுப்பல்ல என்று மூன்று மொழியில் அறிவித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது பக்கத்து வீடாகிவிட்டது. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கைத் தூக்குகிற வேலைதான் பாக்கி, அதையும் செய்தார்கள்.

நாங்கள் எங்களைப் பார்த்தது அப்போதுதான். அந்தக் கப்பலின் மேல்தளத்தில், கூரை இருந்த இடமாகப் பார்த்து, எங்கள் குடும்பம் வரிசையாக உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தது. மாமனார் இருந்தார், மச்சான்கள் இருந்தார்கள், மகேஸ் இருந்தாள். நானும் இருந்தேன், வாயைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கினேன். கப்பல் மாறினாலும் நான் மாறப்போவதில்லை என்று தெரிந்தது ஒரு வகையில் நிம்மதிதான்.

நம்மையே நாம் இன்னொரு கப்பலில் பார்த்தால் வேறொரு ஊரில் என்ன செய்வார்களோ தெரியாது, அழுவார்களோ, கும்பிடுவார்களோ. எங்கள் குடும்பம் பொறாமைப்பட்டது. அங்கிருந்த இந்திராணி, மதுரையில் இவள் எடுக்கலாமா வேண்டாமா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்து விட்டுவிட்டு வந்த அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். இவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அந்தக் கலர் எடுப்பாயில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். தவமணி மச்சான் கம்பெனிக்காரனிடம் தொலைநோக்கி ஒன்றை வாங்கிப் பார்த்து, அங்கே விருந்துக் கூடத்தில் தாம் அதே அடுப்படிக் கதவோரம் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்டுபிடித்தார்.

"மானங்கெட்ட பய, சூடு சொரணை இல்லாம மறுபடியும் அங்கனயே போயி உக்காந்திருக்கான் பாருங்க மாப்ள," என்றார். அங்கே அவர் பஞ்சு மாதிரி இட்லி தின்றுகொண்டிருந்தார்.

இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்தாகிவிட்டது, ஒரு கை அசைக்கலாம், ஒரு வார்த்தை கேட்கலாம், சாதாரண மனிதர்கள் என்றால் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் யார் முதலில் கேட்பது? மாமனார் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: நாம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம், பக்கத்தில் வந்தது அவர்கள், வந்தவர்கள்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். அங்கிருந்த தனுஷ்கோடியும் அதே யோசனையை அதே மாதிரி யோசித்து, வருஷா வருஷம் போகிற வழியில் நாம் போகிறோம், புதிதாக இந்தப் பக்கம் வந்தது அவர்கள், வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆக, கப்பல் இலங்கைக்குப் போகிற வரைக்கும், இலங்கையில் நின்ற நேரமெல்லாம், திரும்புகிற வரைக்கும், தனுஷ்கோடியும் தனுஷ்கோடியும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்மிடமே தாம் மரியாதை எதிர்பார்த்துக் கழுத்து வலிக்க உட்கார்ந்திருக்கிற குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செண்பகம் அங்கே இல்லை என்பதை இந்திராணிதான் முதலில் கவனித்தாள், அதுவும் அன்பினால் அல்ல. அந்தக் கப்பலில் யார் யார் என்ன சேலை என்று பார்த்துக்கொண்டே வந்தவள், சின்னவள் என்ன கட்டியிருக்கிறாள் என்று தேடினாள், ஆளையே காணோம். மேல்தளத்தில் தேடினார்கள், விருந்துக் கூடத்தில் தேடினார்கள், துணி உலர்த்துகிற இடத்தில் தேடினார்கள். எல்லோரும் இருக்கிறோம், அவள் மட்டும் இல்லை.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக வருகிறது. செத்துப்போயிருப்பாள் என்றாள் இந்திராணி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. வீட்டில் பெண் செத்திருந்தால் அந்த வருஷம் பண்டிகை கிடையாது, பொரிகடலை ஏது என்று என் மனைவி கணக்காக மறுத்தாள். அப்படியென்றால் ஓடிப்போயிருப்பாள் என்றார் தவமணி மச்சான். அப்படிச் சொன்னதும் மேஜையே நிமிர்ந்து உட்கார்ந்தது, எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. உயிரோடு, கண்ணெதிரே, தர்ஷனாவுக்கு அந்த இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்த செண்பகத்தை, அவள் அங்கே செய்திராத குற்றத்துக்கு இங்கே விசாரித்தார்கள். அதற்கப்புறம் அவள் காற்று வாங்கப் போனால் இந்திராணி பின்னாலேயே போனாள். கல்யாணமான நாளிலிருந்து மனைவியை நிமிர்ந்து பார்த்திராத கனகராஜ், முதல்முறையாகக் கொழுக்கட்டையை விழுங்கிவிட்டு அவள் முன்னால் போய் நின்று கேட்டான்.

"அங்க நீ எங்க போன?"

தெரியவில்லை என்றாள் அவள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு அவளைப் பிடித்து ஆட்டியது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, வெயில் பட்டு முகம் கறுத்துப்போனது. திரும்புகிற வழியில் ஒருநாள், நான் தூங்காமலிருந்த அபூர்வமான நேரத்தில், பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தாள். கணவனின் தங்கை புருஷன் என்பதால் அவள் என்னை அண்ணே என்பாள்.

"அண்ணே, தர்ஷனா ஜடையைப் பாருங்க."

பார்த்தேன். அந்தக் கப்பலின் தர்ஷனாவுக்கு இரட்டை ஜடை போட்டிருந்தது. ஒன்று காதுக்கு மேலேயிருந்து கிளம்பியது, மற்றொன்று பிடரியிலிருந்து. வகிடு கண்மாய்க்கரை மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. பிள்ளை அதைப் பற்றிக் கவலையில்லாமல் மழையில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அது அவ அப்பா போட்ட ஜடை," என்றாள். "நான் செத்திருந்தா இந்திராணி அக்கா போட்டுவிட்டிருப்பாக, வகிடு நேரா இருக்கும். நான் ஓடிப்போயிருந்தா பிள்ளைய விட்டுட்டா போயிருப்பேன்? இது, நான் எங்கயோ வெளிய போயிருக்கேன், வந்துருவேன்னு போட்ட ஜடை."

அப்புறம் அவள் மெதுவாக எண்ணங்களைக் கோத்துக்கொண்டே போனாள். பழைய கப்பல் என்றால் இந்த வருஷமும் ஆயுத பூஜைக்குத்தான் போயிருப்பார்கள். ஆயுத பூஜைக்கு என்றால் மே மாதம் எல்லோரும் ஊரில் இருந்திருப்பார்கள். மே மாதம் ஊரில் இருந்திருந்தால், கப்பல் கிடையாது, மேஜை கிடையாது, ஒரு பஸ்ஸைப் பிடித்துச் சென்னைக்குப் போய்வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் கிடைத்திருக்காது. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அப்படித்தானா என்று தெரிந்தால் போதும் அண்ணே, ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றாள். கேட்பதற்குத்தான் வழியில்லை. வந்தவர்கள் இன்னும் வணக்கம் சொல்லவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் சென்னையின் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தபோது, பழைய கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக விலக ஆரம்பித்தது. அதன் மழையும் அதோடு விலகியது. சாரலுக்கு இடம் பிடித்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு துண்டுகளை எடுத்தார்கள். இரண்டு தனுஷ்கோடிகளும் அசையவில்லை. கடைசி நிமிஷத்திலாவது அவன் கேட்கிறானா பார்ப்போம் என்று இருவர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. செண்பகம் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் கம்பியருகே போனாள். மாமனார் உட்காரம்மா என்றார். அவர் பேச்சை அந்த வீட்டில் இரண்டாம் தடவை சொல்லவைத்தவர்கள் இல்லை. அவள் இரண்டாம் தடவையும் சொல்லவைத்தாள், அப்போதும் உட்காரவில்லை. அந்தக் கப்பலில் நின்ற தன் கணவனைப் பார்த்து, தெருவில் எதிர்ப்பட்ட ஆளிடம் விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

"ஏங்க, செண்பகம் வரலையா?"

அங்கே நின்ற கனகராஜ் திடுக்கிட்டுப் பார்த்தான். பிறகு வாயிலிருந்த பொரியை மென்று விழுங்கிவிட்டு, வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வானே, அதே சலித்த குரலில் பதில் சொன்னான்.

"அவளுக்கு லீவு கெடைக்கல."

கடலில் இரைச்சல் இருந்தது, ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. "இப்பத்தான சேந்திருக்கேன், அதுக்குள்ள எப்படி லீவு கேக்கன்னுட்டா," என்று அவன் மேற்கொண்டு புலம்பினான். செண்பகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்து அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

முதலில் பேசியது எதிர்ப்பக்கம்தான் என்று ஆகிவிட்டதால் அங்கிருந்த தனுஷ்கோடிக்கு இனித் தடையில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவந்து, எங்கள் மாமனாரைப் பார்த்து, ஊர்ப் பெருமை பேசுகிற குரலில் சொன்னார்: எங்கள் சின்ன மருமகள் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறாள், கையெழுத்துக்கு மதிப்பிருக்கிற உத்தியோகம், அவளை நினைத்த நேரத்துக்குக் கப்பலில் கூட்டிவர முடியுமா? சம்பளம் வாங்குற வீடு இல்லை என்ற அதே வாய். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னது.

எங்கள் தனுஷ்கோடிக்கு முகம் செத்துவிட்டது. கடலைமிட்டாய்க்காரரிடம் தோற்றிருந்தால்கூட ஆறியிருக்கும். தம்மிடமே தோற்பதை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்றைக்கும் மருமகள் பெயரைச் சொல்லியிராதவர், கத்தினார்.

"எங்க செண்பகமுந்தான் பாஸு பண்ணியிருக்கா."

அங்கிருந்தவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப ஏன் கப்பல்ல நிக்கா?"

தவமணி மச்சான் செண்பகம் எழுந்துபோன காலி நாற்காலியைப் பார்த்தார், இந்திராணி தன் சேலையைப் பார்த்தாள், கனகராஜ் தன் கையைப் பார்த்தான், நான் தூங்குவது போல இருக்கலாமா என்று யோசித்தேன். பதில் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அந்தக் குடும்பம் பொரிகடலைக்குத் திரும்பியது, கப்பல் தன் மழைக்குள்ளே போய்ச் சின்னதாகி மறைந்தது. ஒலிபெருக்கியில், பயணிகள் கம்பெனியின் துண்டுகளை அறையிலேயே விட்டுச் செல்லும்படி கேட்டுக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு எங்கள் குடும்பம் திருந்திவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மாமனார், அந்தப் பயல் வீட்டு மருமகளுக்கு உத்தியோகம் இருக்கிறது, என் வீட்டு மருமகளுக்கு இல்லையா, மறுபடியும் எழுதச் சொல்லு, அவளைவிடப் பெரிய உத்தியோகமாக எழுதச் சொல்லு என்று உத்தரவு போட்டார். அந்தப் பயல் வேறு யாருமில்லை என்பது அவருக்கு உறைக்கவேயில்லை. இந்திராணி மதுரைக்குப் போய் அந்த அரக்குப் பட்டைத் தேடினாள், விற்றுப்போயிருந்தது. தவமணி மச்சான் இரண்டு கப்பலும் சரியில்லை என்று முடிவுகட்டி, மூன்றாவதாக ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்து, அதன் வழவழப்பான விளம்பரத் தாளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்ந்தார். இதில் கேப்டனே நம் மேஜைக்கு வந்து பரிமாறுவாராம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம். வெட்கமில்லாமல் நானும் பார்த்தேன்.

ஆளுக்கொரு பெயராகச் சொல்லி எழுதிக்கொண்டே வந்த மச்சான், சின்னவளே உன் பெயரை முழுசாகச் சொல்லு என்றார். செண்பகம் கூடத்தின் மூலையில் தர்ஷனாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள், மடியில் புத்தகம் திறந்திருந்தது. அடுத்த தேர்வுக்கு அறிவிப்புகூட இன்னும் வந்திருக்கவில்லை. அவளுக்கு வேலை கிடையாது, ஆபீஸ் கிடையாது, லீவு கேட்பதற்கு அதிகாரி என்று ஒரு ஆளே கிடையாது.

"எனக்கு லீவு கெடைக்காது," என்றாள்.

என்ன லீவு, யார் கொடுக்க வேண்டிய லீவு என்று அந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் காதாரக் கேட்டிருந்தார்கள். ஒருமுறை நடந்துவிட்டால் அது வழக்கம், வழக்கத்தை மீறுகிற தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் என்றைக்கும் இருந்ததில்லை. மச்சான் அவள் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார், தீர்ப்பு வரவில்லை. செண்பகம் சீப்பைப் பிள்ளையின் தலையிலேயே செருகிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பாதி வாரிய தலையோடு தர்ஷனா அப்பாவைப் பார்த்தாள். கனகராஜ் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தான், பிறகு எழுந்துபோய்ப் பிள்ளைக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீப்பைக் கையில் எடுத்தான். முதல் ஜடையைக் காதுக்கு மேலேயிருந்து பின்ன ஆரம்பித்தான்.